கிபுட்ஸ் மாதிரிக் கூட்டு வாழ்க்கையில் வயசானவர்களுக்கு என்ன வேலை? (எட்டுப் பேர் சேர்ந்து காணி பார்க்கிறோம்)

வெள்ளவத்தை_மூன்றாம்மாடி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் 60 முடிந்தது, வேலையிடத்தில் கேக் வெட்டி ஒரு ரைஸ் குக்கரும் தந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு ரைஸ் குக்கர் இருக்கிறது. பிள்ளைகள் ஒருவர் மெல்பேர்னில், மற்றவர் லண்டனில். நானும் மனைவியும் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது, இன்னும் பத்து வருடத்தில் இந்தப் படியில் மரக்கறிப் பையோடு ஏறுவது யார் என்று யோசித்தால் இரவில் நித்திரை வருவதில்லை.

எங்கள் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் நாலு குடும்பம், எல்லாருக்கும் இதே கதைதான். வத்தளைக்கு அங்கால் ஒரு 40 பேர்ச்சஸ் காணி பார்த்து, நாலு சின்ன வீடு, பொதுவாக ஒரு சமையலறை, ஒரு வாகனம், ஒரு சமையல்காரர், செலவெல்லாம் ஒரே கணக்கில் என்று ஒரு யோசனை ஓடுகிறது. எல்லாரும் சேமலாப நிதிப் பணத்தைப் போடுவதாகக் கதை. கையில் சீவன் இருக்கும்வரை சும்மா இருக்காமல் மிளகாய்த்தூள், இடியப்பம், பிள்ளைகளுக்கு டியூசன் என்று ஏதாவது செய்து அந்தக் கணக்கிலேயே போடலாம் என்றும் கதைத்தோம்.

இதில் ஒருவன் இஸ்ரேலின் கிபுட்ஸ் (சொத்தும் உழைப்பும் பொதுவாக வைத்து வாழ்கிற கூட்டுக் கிராமம்) பற்றி எங்கோ வாசித்துவிட்டு வந்து, "அங்கே ஓய்வு என்ற சொல்லே இல்லையாம், சாகும்வரை வேலையாம், யாருக்கும் சம்பளமும் இல்லையாம்" என்று தலைகால் புரியாமல் நிற்கிறான். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அப்படிப்பட்ட ஊர்களில் வயது போனவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள்? அவர்கள் செய்ததற்குப் பொருளாதாரப் பெறுமதி இருந்ததா, இல்லை மனம் நோகாமல் இருக்க ஏதோ கையில் கொடுத்து வைத்தார்களா? படுக்கையில் விழுந்தால் செலவு யார் தலையில்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கணக்கப்பிள்ளை_கொட்டாஞ்சேனை:

முப்பத்தைந்து வருடம் கணக்குப் புத்தகத்தோடு குப்பை கொட்டியவன், அதனால் பணப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கூட்டாளி சொன்னதில் பாதி சரி. பழைய முறைக் கிபுட்ஸில் யாருக்கும் சம்பளம் இல்லை. எல்லாருடைய உழைப்பும் ஒரே பெட்டிக்குள் போகும், அவரவர் தேவைக்கு அந்தப் பெட்டியில் இருந்து வரும். முதல் கிபுட்ஸ் தெகானியா, 1910, வேதாகமத்தில் வருகிற அதே கலிலேயாக் கடல் ஓரத்தில். ஆரம்பித்தவர்கள் எல்லாரும் இளந்தாரிகள், இருபது வயதை ஒட்டியவர்கள். கல் பொறுக்கி, சதுப்பு நிலத்தில் மலேரியாவோடு மல்லுக்கட்டியவர்களுக்கு முதுமை பற்றி யோசிக்க எங்கே நேரம்? ஆகவே பென்சன் என்று தனியாக எதுவும் ஒதுக்கவில்லை. பிள்ளைகள் இதே ஊரில் இருப்பார்கள், அவர்களின் உழைப்பு எங்களுக்குச் சோறு போடும். அவ்வளவுதான் அவர்களின் பென்சன் திட்டம்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் இளையவர்களாக இருந்தார்கள், ஆகவே எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை நரைத்தது. சாதாரணக் கிராமத்தில் எப்போதும் ஒரு கிழவர் இருப்பார், ஒரு குழந்தை இருக்கும். அங்கே முதல் சில பத்து வருடங்கள் கிழவர்கள் மிகக் குறைவு, பிறகு ஒரேயடியாக ஊர் முழுக்கக் கிழவர்கள். யோனினா தல்மோன் என்ற சமூகவியலாளர் 1961இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உடல் உழைப்பைச் சாமி மாதிரி வைத்துக் கும்பிட்ட ஊரில் உடல் தளர்ந்தால் மனிதனுக்கு என்ன மதிப்பு என்ற சிக்கல் அது. மாட்டுப்பட்டியை முப்பது வருடம் நடத்தியவர் அதை ஒரு இருபத்தெட்டு வயதுப் பெடியனிடம் கொடுத்துவிட்டு அவன் கீழே வேலை செய்ய வேண்டும். நினைத்துப் பாருங்கள்.

அதற்கு அவர்கள் கண்ட வழி நல்ல வழி என்பேன். ஒரு நாளில் ஓய்வு என்று வெட்டிவிடுவது இல்லை. ஐம்பது வயது தாண்டியதில் இருந்து நாளுக்கு ஒரு மணி நேரம் குறையும், சில வருடம் போக இன்னொரு மணி நேரம். ஊருக்கு ஊர் வித்தியாசம், பெண்களுக்குக் கொஞ்சம் முந்தியே குறையும். எழுபது தாண்டியும் இரண்டு மூன்று மணி நேரம் போய் வருகிறவர்கள் ஏராளம். 1960களில் கிபுட்ஸ்களில் தொழிற்சாலைகள் பெருகியதற்கு ஒரு காரணமே வயலில் குனிய முடியாதவர்களுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும் என்பதுதான். கிபுட்ஸ்காரர் மற்ற இஸ்ரேலியர்களை விடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று ஹைஃபா பல்கலைக்கழகத்தில் உரியேல் லெவியாத்தான் என்பவர் ஆய்வு செய்து காட்டினார். அவர் சொன்ன காரணங்களில் இந்தப் படிப்படியான குறைப்பும் ஒன்று. நமக்கு இங்கே 2021 சட்டத்துக்குப் பிறகு தனியார் துறையில் 60 வரை வேலையில் இருக்கலாம், அதற்கு அடுத்த நாள் பூச்சியம். உங்களுக்கு நடந்ததும் அதுதானே, கேக் வெட்டிய மறுநாள்.

இனிக் கசப்பான பக்கம். 1984 முடியும்போது இஸ்ரேலில் பணவீக்கம் 400 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 1985இல் அரசாங்கம் கடிவாளத்தை இழுத்தது, வட்டி ஏறியது, கடன் வாங்கிக் கட்டிடமும் தொழிற்சாலையும் எழுப்பியிருந்த கிபுட்ஸ்கள் கழுத்தளவு மாட்டின. இளையவர்கள் மூட்டையைக் கட்டினார்கள். உழைக்கும் பிள்ளைகள்தான் பென்சன் என்றால், பிள்ளை பஸ் ஏறியதும் பென்சனும் அவனோடு பஸ் ஏறிவிடும். சும்மா ஒப்பிடவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம் போனபோது என் சொந்தச் சேமிப்புக்கு என்ன நடந்தது என்று நான் வீட்டில் யாரிடமும் சரியாகச் சொல்லவே இல்லை. 60 தாண்டியவர்களுக்கு 15 சதவீத வட்டி தந்த அந்த விசேட வைப்பையும் பிறகு நிறுத்தினார்கள்.

இப்போது பெரும்பாலான கிபுட்ஸ்கள் "புதுப்பிக்கப்பட்டவை", அதாவது அவரவர் சம்பளம் அவரவருக்கு. ஆனால் கூடச் சம்பாதிக்கிறவர் ஒரு உள்வரி கட்டுவார், அதிலிருந்தும் தொழிற்சாலை இலாபத்திலிருந்தும் முதியவர்களுக்கு மாதாமாதம் பென்சன் போகும். தொழிற்சாலையை நன்றாக நடத்திய ஊர் தப்பியது. சொட்டுநீர்ப் பாசனக் குழாயை உலகத்துக்கே விற்ற நெட்டாஃபிம் 1965இல் ஹட்சேரிம் என்ற கிபுட்ஸில் தொடங்கியதுதான், அப்படிப்பட்ட ஊரில் கிழவருக்குக் கவலை இல்லை. தொழிற்சாலை படுத்த ஊரில் கவலைதான்.


வத்தளை_அக்கா:

நான் அங்கே வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போனவள். 5 வருடமும் 3 மாதமும் இருந்தேன், அந்த விசா பொதுவாக அவ்வளவுதான். அதில் மூன்று வருடத்துக்கு மேல் வடக்கே ஒரு கிபுட்ஸில். அண்ணா கேட்டாரே, சும்மா கையில் ஏதோ கொடுத்து வைத்தார்களா என்று, அதற்கு நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

நான் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு நான் போகும்போது 84. காலை ஆறரைக்கு உடுத்தித் தலை வாரித் தயாராக இருப்பார். வயசானவர்கள் ஓட்டுகிற பற்றரி வண்டி ஒன்று இருக்கிறது, நாலு சில்லு, மேலே ஒரு கூரை. அதற்குக் கல்நோயித் என்று பெயர். நமக்கு ஏதோ சிறுநீரக வியாதி மாதிரிக் கேட்கும். அதில் அவர் முன்னால் போக நான் பின்னால் நடப்பேன். போகிற இடம் ஊர்ப் பொதுச் சலவைக்கூடம்.

அங்கே எல்லாருடைய உடுப்பிலும் கழுத்துப் பட்டியின் உள்பக்கம் ஒரு எண் தைத்திருக்கும். சுவர் முழுக்க மரத்தட்டு, புறாக்கூடு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். தோய்த்துக் காய்ந்து மலையாகக் குவிந்து கிடக்கிற துணியை மடித்து எண் பார்த்து அந்தந்தத் தட்டில் வைக்க வேண்டும். இந்த அம்மா எண்ணே பார்க்க மாட்டார். கைக்கு வந்த சட்டையைத் தடவியதும் 117, 42, 203 என்று போய்க்கொண்டே இருக்கும். எண் அழிந்துபோன காலுறையைக் கூட இது இன்னாருடையது என்று கண்டுபிடிப்பார். கணினியில் பட்டியல் வைத்திருந்த இளம் பெண் பொறுப்பாளரே சந்தேகம் வந்தால் இவரிடம்தான் வருவாள். யார் வீட்டில் படுக்கை விரிப்பு வாரத்தில் மூன்று தடவை வருகிறது, அந்த வீட்டில் யாருக்கோ சுகமில்லை, யாருடைய தட்டில் பச்சைச் சீருடை வரத் தொடங்கியது, பிள்ளை இராணுவத்துக்குப் போய்விட்டது, எல்லாம் தெரியும். எண்பத்தைந்து வயதில் அந்த ஊரின் புலனாய்வுப் பிரிவே அவர்தான். இரண்டு மணி நேர வேலை. அதை அந்த வேகத்தில் செய்ய அங்கே வேறு ஆள் இல்லை.

ஆனால் நான் போன காலத்தில் ஊர் மாறிவிட்டது. சலவைக்கு நிறை போட்டுக் காசு கழித்தார்கள், ஆகவே இளம் குடும்பங்கள் வீட்டிலேயே மெசின் வாங்கிக்கொண்டன. சலவைக்கூடம் நட்டத்தில் போகக் கூடாது என்று பக்கத்து விருந்தினர் விடுதியின் படுக்கை விரிப்புகளை எடுத்துத் தோய்க்கத் தொடங்கினார்கள். அந்த அம்மாவுக்கு அதுதான் பிடிக்காது. எண் இல்லாத துணி யாருடையது என்று யாருக்குத் தெரியும் என்று முணுமுணுப்பார். எல்லாம் ஒரே வெள்ளை, எல்லாம் ஒரே அளவு, எடுத்து மடித்து அடுக்குவது, அதை யாரும் செய்யலாம்.

அப்புறம் செலவு. கிபுட்ஸ் பென்சன் மாதாமாதம் வந்தது, அரசாங்கத்தின் முதியோர் பணம் தனியாக வந்தது. என் சம்பளத்தில் ஒரு பங்கு அவர்களின் தேசியக் காப்புறுதியில் இருந்து வந்தது, வீட்டில் வைத்துப் பார்க்கிறதற்கு 1988இல் இருந்தே அங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. மிச்சத்தை ஊரும் மகனும் போட்டார்கள். ஒரு காலத்தில் கூலிக்கு ஆள் வைப்பதே பாவம், தன் வேலையைத் தானே செய்ய வேண்டும் என்று இருந்த ஊர்களாம் அவை. நான் போனபோது வயலில் தாய்லாந்துக்காரர், வீட்டுக்குள் எங்களைப் போல இலங்கை, இந்தியா, பிலிப்பைன்ஸ். பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று கட்டிய ஊரில் கடைசியில் இரவு எழும்பிப் பார்த்தது வத்தளையில் இருந்து போன நான். என் அம்மாவை இங்கே என் தங்கச்சி பார்த்தாள். அது வேறு கதை.


நேர்ப்பேச்சு:

அந்தக் காணியெல்லாம் யாருடைய காணி, 1948இல் அங்கிருந்த அரபுக் கிராமங்களுக்கு என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டுச் சலவைக்கூடம் பற்றிக் கதைக்கிறீர்கள். காணி பறிபோன கதை தெரிந்த நாம் இதைச் சொல்லாமல் விடலாமா?


வெள்ளவத்தை_மூன்றாம்மாடி:

விடக்கூடாது, தெரியாமலும் இல்லை. 83இல் வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தது, எனக்கு அதை யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அதற்குத் தனித் திரி திறவுங்கள், நானும் வந்து எழுதுகிறேன். இங்கே வயசு மட்டும்.

அக்கா, சலவைக்கூடத்தை வாசித்துவிட்டு மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். கணக்கப்பிள்ளை ஐயா, "எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நரைத்தது" என்று எழுதினீர்களே, அது நெஞ்சில் குத்துகிறது. எங்கள் எட்டுப் பேரில் ஆக இளையவருக்கு 58, மூத்தவருக்கு 64.


ஹட்டன்_பாட்டி_பேத்தி:

நான் வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறேன், ஊர் ஹட்டன் பக்கம். எல்லாரும் கடல் தாண்டிப் போய்ப் பார்க்கிறீர்கள், அதனால் சொல்கிறேன், கூட்டாக வாழ்கிற குடியிருப்பில் வயசானவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஒரு தேயிலைத் தோட்ட லயத்துக்கு வந்தால் போதும். கிபுட்ஸ் அவர்களே கட்டியது, லயம் வெள்ளைக்காரன் கட்டியது, அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்தான், சரி. ஆனால் ஒரே சுவர், ஒரே பீலித் தண்ணீர், ஒரே வேலை.

எங்கள் பாட்டி கொழுந்து பறித்துக் கை தேய்ந்தவர். பென்சன் ஆனதும் செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) பேர் இல்லை. வீடு தோட்டத்துடையது, வீட்டில் ஒருத்தராவது வேலைக்குப் பேர் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு வரும். சேமலாப நிதிப் பணம் வந்தது, அது அக்கா கலியாணத்துக்குப் போனது. அதற்குப் பிறகு பாட்டி ஒரு நாள் கூட சும்மா இருந்து நான் பார்க்கவில்லை. கைக்காசுக்குக் கூப்பிட்டால் கொழுந்துக்குப் போவார், இல்லாவிட்டால் விறகு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னத் துண்டில் கரட், லீக்ஸ்.

அதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் என்னவென்றால் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எங்கள் மூன்று பேரையும் வளர்த்தது பாட்டி. எனக்கு நாலு வயது, தம்பிக்கு ஒன்றரை. தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பரா இருந்தது, ஆனால் அது வேலை நேரத்துக்கு மட்டும், காய்ச்சல் இரவில்தானே வரும். அம்மா அனுப்பிய பணத்தில் வீட்டுக்குக் கூரை மாற்றினோம், நான் ஏ.எல். வரை படித்தேன். ஊரில் எல்லாரும் சொல்வது அம்மா வெளிநாட்டில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள் என்று. பொய் இல்லை. ஆனால் பாட்டி இல்லாவிட்டால் அம்மா விமானமே ஏறியிருக்க முடியாது. வத்தளை அக்கா, உங்கள் வீட்டிலும் யாரோ இருந்திருப்பார்கள்தானே?

கிபுட்ஸில் பிள்ளைகளை இரவில் கூடத் தனிப் பிள்ளை வீட்டில் படுக்க வைப்பார்களாம், 1990களோடு அது முற்றாக நின்றுவிட்டதாம். அப்படி என்றால் ஒரு காலத்தில் அந்தப் பாட்டிமாருக்குப் பேரப்பிள்ளை பார்க்கிற வேலை அவ்வளவாக இருந்திருக்காது. அதனால்தானோ என்னவோ அவர்களுக்குச் சலவைக்கூடமும் தையலும் தேவைப்பட்டது. இது என் ஊகம், அடித்துச் சொல்லவில்லை.

அண்ணா, உங்கள் எட்டுப் பேரில் பேரப்பிள்ளை பார்க்கிற தூரத்தில் யாராவது இருக்கிறார்களா?


தெமட்டகொட_மருமகள்:

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள், நான் ஒரு கேள்வி கேட்கட்டுமா. அந்தப் பொதுச் சமையலறையில் நிற்கப்போவது யார்? "ஒரு சமையல்காரர்" என்று போட்டிருக்கிறீர்கள். அவர் ஊருக்குப் போய் ஒரு கிழமை வராவிட்டால்? நாலு ஆண்களும் கணக்குப் பார்ப்பார்கள், நாலு பெண்கள் எட்டுப் பேருக்கு ஆக்குவார்கள். சமத்துவம் சமத்துவம் என்று ஆரம்பித்த அந்தக் கிபுட்ஸிலேயே பெண்கள் போய்ச் சேர்ந்த இடம் சமையலறை, சலவை, பிள்ளை வீடு. வத்தளை அக்கா பார்த்துக்கொண்ட அந்த அம்மாவும் சலவைக்கூடத்தில்தானே இருந்தார், டிராக்டர் கொட்டகையில் இல்லையே.

இடியப்பம் விற்கலாம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். என் மாமியாருக்கு 73. இருபது வருடத்துக்கு மேல் விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து முன் தெருக் கடைக்குக் கொடுத்தவர், நாளுக்கு 150. 2022இல் காஸ் இல்லாதபோது பின்முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகில் அவித்தார், கடைக்காரர் ஒரு நாள் கூட வெறுங்கையோடு போகவில்லை. அவர் காசில்தான் எங்கள் வீட்டில் தண்ணீர் பில்லும் கரண்ட் பில்லும் கட்டினோம், ஆனால் வீட்டில் யாரைக் கேட்டாலும் அம்மா சும்மா பொழுதுபோக்குக்குச் செய்கிறா என்பார்கள், அவரும் அப்படித்தான் சொல்வார்.

போன வருடம் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை. டொக்டர் நிற்கக் கூடாது என்றார், என் கணவர் ஒரேயடியாக நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினோம். மூன்று கிழமை ஜன்னல் ஓரம் கதிரையில் இருந்தார், தெருவில் போகிற ஆட்டோவை எண்ணினாரோ என்னவோ, சாப்பாடு குறைந்தது, என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாவது கிழமை நான்தான் சொன்னேன், மாமி, நான் பிழிகிறேன், நீங்கள் மாவைக் குழையுங்கள் என்று. சிவப்பரிசி மாவுக்குக் கொதிதண்ணீர் எவ்வளவு விட வேண்டும் என்பது இருக்கிறதே, அது அளவுக் கோப்பைக்கு அடங்காது. மா புதுசா பழசா, வறுத்தது கூடியதா என்று விரலால் தொட்டுப் பார்த்து விடுவார். நான் விட்டால் ஒன்றில் உரலில் இறங்காது, இல்லாவிட்டால் களி. இப்போது ஐந்து மணிக்கு எழும்புகிறோம், கதிரையில் இருந்தபடி குழைக்கிறார், நாளுக்கு 60தான். கடைக்காரரிடம் காசு வாங்குவது இன்னும் அவர் கையால்தான்.

கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன அந்த மணி நேரத்தைக் குறைக்கிற ஏற்பாட்டை வாசித்ததும் இதுதானே நாங்கள் செய்தது என்று தோன்றியது. ஆனால் ஒன்று. பிழிவதற்கு ஒரு 41 வயது ஆள், அதாவது நான், இருந்ததால்தான் அது முடிந்தது.


கணக்கப்பிள்ளை_கொட்டாஞ்சேனை:

மருமகள் சரியான இடத்தில் கையை வைத்துவிட்டார். கிபுட்ஸ் எவ்வளவு அடி வாங்கியும் நிற்கிறதென்றால் அங்கே மூன்று தலைமுறை இருக்கிறது. போனவர்கள் போக, பிறகு இளம் குடும்பங்கள் திரும்பியும் புதிதாகவும் வந்தன, அதற்காகவே பல ஊர்கள் சட்டதிட்டங்களை மாற்றின. கனடாவில் ஹட்டரைட் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டம், மனிட்டோபா, அல்பர்ட்டா பக்கம், 16ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, இடையில் சில காலம் விட்டுப்போனாலும் பொதுச் சொத்துத்தான். வின்னிபெக்கில் இருக்கிற என் தம்பி அவர்களிடம்தான் கோழி வாங்குகிறான். ஒரு குடியிருப்பில் 130, 150 பேர் ஆனதும் இரண்டாகப் பிரிந்து புதுக் காணிக்குப் போவார்கள். பிள்ளைகள் நிறைய, வயசானவர் பொறுப்பை இளையவரிடம் கொடுத்துவிட்டு இலேசான வேலைக்குப் போவார், சாப்பாட்டு மேசையில் இடம் அப்படியே இருக்கும். அங்கேயும் கணக்குச் சரிவருவது கீழே ஆள் இருப்பதால்.

உங்கள் திட்டத்தில் கீழே யாரும் இல்லை. எட்டுப் பேருக்கும் 75 ஆகும்போது அந்தக் காணியில் பாரம் தூக்கத் தெம்பான ஒரு ஆள் இருக்காது. அப்போது அது கூட்டு வாழ்க்கை என்று பெயர், உண்மையில் நாலு நோயாளிக் குடும்பம் ஒரு மதிலுக்குள். கோபிக்க வேண்டாம், எனக்கும் 69.

அதோடு சட்டப் பக்கம். காணியை எட்டுப் பேர் பெயரில் பிரிக்காத பங்காக எழுதினால், ஒருவர் கண்ணை மூடினதும் மெல்பேர்ன் பிள்ளையும் லண்டன் பிள்ளையும் பங்காளி ஆகிவிடுவார்கள். அவர்களில் ஒருவர் பிரித்துத் தா என்று போனாலே 1977ஆம் ஆண்டுப் பிரிவிடற் சட்டத்தின் கீழ் வழக்கு, அது எத்தனை வருடம் இழுக்கும் என்று எந்தச் சட்டத்தரணியையும் கேளுங்கள். யார் வெளியேறலாம், வெளியேறினால் எவ்வளவு, எத்தனை வருடத் தவணையில் என்று கையெழுத்துப் போடுமுன் எழுதுங்கள். அப்புறம் சேமலாப நிதி முழுவதையும் சீமெந்தில் போட வேண்டாம். சுவரைப் பெயர்த்து மருந்து வாங்க முடியாது. மாதம் எவ்வளவு பொதுக் கணக்கில், எவ்வளவு தனிக் கணக்கில் என்பதை முதல் நாளே பிரித்து வையுங்கள். பாதிக்கு மேல் தனியாகவே இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம், கூட்டாளிகள் முகம் சுழித்தாலும் பரவாயில்லை.

மிளகாய்த்தூளும் இடியப்பமும் நல்ல யோசனைதான். ஆனால் அதில் வரும் காசை நம்பி மருந்துச் செலவு போடாதீர்கள். சமையல்காரரின் சம்பளத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிய விஷயம்.


வெள்ளவத்தை_மூன்றாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று எட்டுப் பேரும் எங்கள் வீட்டில் கூடினோம், லிஃப்ட் ஓடியது, அதுவே நல்ல சகுனம். இந்தத் திரியை அச்சடித்து வைத்து வாசித்தோம். பெண்கள் பக்கத்தில் மருமகளின் பதிலுக்கு நல்ல வரவேற்பு, ஆண்கள் பக்கத்தில் கொஞ்சம் அமைதி.

இப்போதைக்கு நிற்கிற இடம் இது. ஹட்டன் தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில், ஒருவருக்கு மட்டும் மகள் இங்கே இருக்கிறாள், ஜா-எலயில், இரண்டு சின்னப் பிள்ளைகள், இருவரும் வேலை. அவளையும் கணவனையும் ஐந்தாவது வீட்டுக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பேச்சு. பிள்ளைகளை நாங்கள் பார்ப்போம், அவர்கள் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். அவள் கணவன் முகத்தில் ஆர்வம் தெரியவில்லை என்று அவளுடைய அப்பாவே சொல்கிறார். எட்டு மாமன் மாமியோடு ஒரு மதிலுக்குள் இருக்க நான் அந்தப் பெடியன் என்றால் நானும் யோசிப்பேன். காணிக்கு அட்வான்ஸ் கொடுப்பதை மூன்று மாதம் தள்ளிப் போட்டிருக்கிறோம். சட்டத்தரணி ஒருவரைப் பார்க்கிறோம்.

வேலை நேரத்தைக் குறைக்கிற விஷயத்தில் ஒரு சண்டை வந்தது. யாருக்கு எப்போது குறைப்பது என்று யார் சொல்வது? ஒருவன் வயதை வைத்து எழுதிவிடுவோம், 70 என்றால் இத்தனை மணி நேரம் என்கிறான். மற்றவன் நான் 80 வரை வாகனம் ஓட்டுவேன், யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை என்கிறான் (அவனுக்கு இப்போதே இரவில் எதிரே வரும் லைட் கூசுகிறது, எங்களுக்குத் தெரியும்). வத்தளை அக்கா, அந்த அம்மாவின் விஷயத்தில் யார் தீர்மானித்தது? ஊரா, அவரா?


வத்தளை_அக்கா:

இரண்டும் இல்லை, இரண்டும்தான் அண்ணா. வேலைகளை ஒழுங்கு பண்ணுகிற ஒருவர் அங்கே இருப்பார், பட்டியல் போடுவது அவர். வயதுக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கும் இருந்தது, ஆனால் அது ஆகக் கூடியது இவ்வளவு என்பதற்குத்தான், அதற்குள் எந்த நாள், எந்த நேரம் என்பது பேச்சுவார்த்தை. இந்த அம்மாவுக்கு 86 ஆனபோது கை நடுக்கம் கூடியது. அந்த ஆள் வீட்டுக்கே வந்து கோப்பி குடித்துவிட்டு, கிழமையில் ஐந்து நாளை மூன்றாக்கலாமா, எந்த இரண்டு நாளை விடுகிறீர்கள் என்று கேட்டார். அம்மா இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. நான் நினைத்தேன் ஞாயிறை விடுவார் என்று, அன்றைக்குத்தான் துணி ஆகக் கூட. ஞாயிறைத் தொடவே விடவில்லை. திங்களையும் புதனையும் விட்டார். அந்த இரண்டு நாளும்தான் விடுதிப் படுக்கை விரிப்பு வரும்.

(ஹட்டன் தங்கச்சி, என் இரண்டு பேரையும் வளர்த்தது என் மாமி. இப்போது 79. நீங்கள் எழுதியதை நேற்றிரவு அவருக்கு வாசித்துக் காட்டினேன்.)